திருகையின் கைப்பிடி

பெட்டியின் மூடியில் விழுந்த முதல் சொட்டை சாலா முந்தானையால் துடைத்தாள். இரண்டாவது சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது. சுட்டது.

அண்ணாந்து பார்த்தாள். படைப்பு அறையின் கூரையில் ஒரு ஓடு விலகியிருந்தது. அந்த இடுக்கில் மூன்றாவது சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

அந்த அறையில் வேறு சாமான் கிடையாது. பச்சை வர்ணம் அடித்த தகரப் பெட்டி ஒன்றுதான். அந்தக் குடும்பத்தில் என்றைக்கோ சுமங்கலியாகச் செத்துப்போன ஒருத்திக்கு வருஷத்தில் ஒரு நாள் பங்காளிகள் கூடிப் படைப்பார்கள். புதுச்சேலை வைப்பார்கள். அப்படி வைத்த சேலைகளும், அவள் புழங்கிய வெள்ளிக் குடமும், தாம்பாளமும், குத்துவிளக்கும் அந்தப் பெட்டிக்குள். சாவி சாலா புருஷனின் அண்ணன், வீட்டுக்கு மூத்தவர் பெரியகருப்பனின் இடுப்பில். படைப்பு நாளில் விளக்கு வைக்கும் நேரத்தில் மட்டும்தான் அவர் பெட்டியைத் திறப்பார்.

இன்றைக்குத்தான் படைப்பு.

சாலா பெட்டியை ஒரு கையால் மூலைக்குத் தள்ளினாள். தரையைத் துடைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, யாராவது பார்த்தார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். யாருமில்லை.

சொட்டு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் கெட்டது எதுவானாலும் இப்போதெல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. அவள் புருஷன் ராமசுப்பிரமணியன் மாட்டிய குழாயிலிருந்து.

ரங்கூனில் குண்டு விழுந்து ஊரே ஓடியபோது, மற்றவர்கள் மடியில் வைரத்தைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். ராமசுப்பிரமணியன் குழாய்க்குத் திருகு வெட்டுகிற அச்சும், குழாயைப் பிடித்து முறுக்குகிற ரிஞ்சுமாக ஒரு இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். கடை போயிற்று, வேலை போயிற்று, இதுதான் மிச்சமா என்று அண்ணன் கேட்டார். அங்கே நான் குடியிருந்த வீட்டில் குழாயைத் திருகினால் வெந்நீர் வரும் அண்ணே, அதை நம் வீட்டில் போடப்போகிறேன் என்றான் தம்பி. அன்றிலிருந்து ஊருக்கு இதுதான் சிரிப்பு. செட்டியார் வீட்டுப் பிள்ளை குழாய் முறுக்குகிறது.

அவன் முறுக்கினான். யுத்த காலத்தில் புதுக்குழாய் எங்கே கிடைக்கும்? மூடிப்போன அரிசி மில்லில் பழைய குழாயைக் கழற்றி வந்தான். மதுரையிலிருந்து குழாய்க்காரனைக் கூப்பிட்டால் யுத்த வேலை என்று வரவில்லை. அவனே அறுத்தான், திருகு வெட்டினான், சணலைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டைத் தடவி மாட்டினான். கிணற்றில் கைப்பம்பு. மாடியில் தொட்டி. அங்கிருந்து அண்ணன் அடுப்படிக்கு ஒரு குழாய், தம்பி அடுப்படிக்கு ஒரு குழாய். பின்கட்டில், பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் பஸ் ஒன்றிலிருந்து கழித்துப்போட்ட இரும்பு உருளையை வாங்கி ஒட்டுப்போட்டு, பாய்லராக நிறுத்தினான். அடியில் விறகு எரியும். பக்கத்துக் குளியலறையில் வெந்நீர் வரும்.

வந்தது. போன வாரம் அது வேண்டாத இடத்திலும் வந்தது. பாய்லரில் சூடேறிய தண்ணீர் வந்த வழியே மேலே ஏறித் தொட்டிக்குள் போய்விட, மூத்தவர் மனைவி முத்தாள் ஆச்சி அரிசி களையக் குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டியது. பிணம் குளிப்பாட்ட வைத்த தண்ணீர் போல இருக்கிறது என்று ஆச்சி வீடு முழுக்கக் கேட்கச் சொன்னாள். அதனால் நேற்று ராமசுப்பிரமணியன் பாய்லருக்குப் போகும் குழாயில் ஒருவழி வால்வு ஒன்றை மாட்டினான். இனி தண்ணீர் கீழே இறங்கும், மேலே ஏறாது.

ஆனால் பெரியகருப்பன் அதற்குள் சொல்லிவிட்டார். பங்காளிகளில் மூத்தவரான முத்துராமன் செட்டியாரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டே சொன்னார்.

"படைப்பு முடியறதுக்குள்ள இந்தக் குழாயால ஒரு குறை வந்துச்சுன்னு வச்சுக்க. பொழுது சாயறதுக்குள்ள அம்புட்டையும் பிடுங்கிப் போட்டுட்டு, ஒம் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு மாமனாரு ஊருக்குப் போயிரு."

"குறை வராதுண்ணே" என்றான் தம்பி.

அவன் சொல்லிவிட்டான். மாமனார் ஊர் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. சாலாவுக்குத் தெரியும். அவளைப் பெற்ற அப்பச்சி செத்தாயிற்று. தன் தம்பி பெண்டாட்டியின் அடுப்படியில், அவள் எடுத்து வைப்பதைத் தின்றுகொண்டு, அவள் பிள்ளைகளுக்குத் தலைசீவி விட்டுக்கொண்டு கிடக்கவேண்டும். அப்படிக் கிடக்கிற ஒருத்தியை அந்த வீட்டில் சிறுவயதில் அவள் பார்த்திருக்கிறாள். அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

சாலா மாடிப்படி ஏறினாள்.

பாய்லரின் தலையிலிருந்து சுவரோடு ஒரு குழாய் மேலே வந்து, மாடியைத் தாண்டி நின்று, யானை துதிக்கையை மடக்கியது போல வளைந்திருந்தது. அதன் வாய் படைப்பு அறையின் ஓட்டுக்கு நேராக இருந்தது. குழாய் பற்றாமல் போனதால் குட்டையாக விட்டுவிட்டான். புது வால்வை மாட்டியபின் இன்றைக்குத்தான் முதன்முதலாகத் தீ மூட்டியிருக்கிறது. அந்த வாய் துப்பிக்கொண்டிருந்தது. கொஞ்சம் ஆவி, கொஞ்சம் தண்ணீர்.

அந்தக் குழாய் எதற்கு என்று அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். அப்போது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காற்றுக்கு என்றோ என்னவோ சொன்னான். ம் கொட்டினாள். அவன் சொல்வது முக்கால்வாசி அவளுக்கு ரங்கூன் பாஷை.

இப்போது கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. குளியலறைக் குழாய் கசிகிறது, தோல் வளையம் வாங்கிவருகிறேன் என்று முதல் பஸ்ஸுக்குத் திருமயம் போய்விட்டான். தீயைச் சின்னதாக எரியவிடச் சொல்லி வேலைக்காரன் வெள்ளைச்சாமியிடம் ஒப்படைத்திருந்தான்.

முத்தாள் ஆச்சி எந்த நேரமும் அந்த அறைக்குக் கோலம் போடப் போவாள். ஒரு சொட்டு போதும்.

வழிகிற வாயை அடைத்தால் வழியாது. அவ்வளவுதான் சாலா நினைத்தாள். துணியை உருட்டி அடைத்தாள். அது பிதுங்கி விழுந்தது. கீழே போனாள். பயறு உடைக்கிற திருகைக் கல்லிலிருந்து மரக் கைப்பிடியை உருவினாள். நுனி சிறுத்து, அடி பருத்த கைப்பிடி. அளவெடுத்துச் செய்தது போலக் குழாயில் பொருந்தியது. ஈரத்துணியைச் சுற்றி, கல்லால் நாலு தட்டுத் தட்டினாள். நின்றுவிட்டது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் திருமயம் கோட்டைப் பாறை தெரிந்தது. புருஷனுடைய மானத்தை அவன் வந்து சேருவதற்குள் தான் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு சாலா இறங்கினாள்.

பங்காளிகள் வண்டியிலும் பஸ்ஸிலும் வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் ஊருணிக்குக் குளிக்கப் போனார்கள். தை மாதக் குளிர் விடவில்லை. பெண்களுக்கு வீட்டிலேயே வெந்நீர் என்றதும் கிழவிகள் முகம் மலர்ந்தது.

முதல் பந்தி போல நாலைந்து பேர் உள்ளே போனார்கள். குழாயைத் திருகினார்கள். பதமான வெந்நீர். உண்ணாமலை ஆச்சிதான் பங்காளி வீட்டுப் பெண்களில் வயதில் மூத்தவள். ஈரத்தலையோடு வெளியே வந்தவள், இத்தனை வருஷமாய் இந்த வீட்டில் குடத்துக்குக் குடம் விறைத்துச் செத்தோமே என்றாள். பெரியகருப்பன் காதில் விழும் தூரத்தில்தான் நின்றார். இடுப்புச் சாவியைத் தடவிவிட்டு அப்பால் போனார்.

சாலாவுக்கு வயிறு குளிர்ந்தது.

அடுப்படியில் முத்தாள் ஆச்சி கத்திக்கொண்டிருந்தாள். பயறு உடைக்கவேண்டும், திருகைப் பிடியைக் காணவில்லை.

"நேத்துக்கூட இருந்துச்சு. கால் மொளைச்சு நடந்து போச்சாக்கும்."

வெள்ளைச்சாமிதான் அடுப்பில் வைத்துவிட்டான் என்றாள். கந்தர்வக்கோட்டைப் பக்கத்து ஆள், அவனுக்கு எல்லாக் கட்டையும் விறகுதான் என்றாள். வெள்ளைச்சாமி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். சாலா குனிந்து தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள். துருவல் சிரட்டை வரை வந்து கறுப்பாக விழுந்தது.

கோபம் தீராத ஆச்சி அடுத்ததாகக் குளிக்கக் கிளம்பினாள். கிளம்பும்போது வெள்ளைச்சாமியிடம், இந்தச் சில்லறைத் தீயை வைத்துக்கொண்டு யாரை ஏமாற்றுகிறாய், முந்திரிக் கட்டையை வை, எனக்கு நல்ல சூடாக வேண்டும் என்றாள். அவன் சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்த கட்டை. எண்ணெய் கட்டிய மரம். நின்று எரியும். அடுப்பு கொள்ளுமட்டும் திணித்தான்.

அதே நேரத்துக்கு ராமசுப்பிரமணியன் திரும்பிவந்தான். கரி பஸ்ஸின் புகை முகமெல்லாம் அப்பியிருந்தது. முதல் பந்தி பெண்கள் பாராட்டியதை யாரோ வாசலிலேயே சொல்லியிருக்கவேண்டும். சாலாவைத் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்த்தான். கல்யாணமான புதிதில் அவன் அப்படிப் பார்த்தது.

முத்துராமன் செட்டியார் அவனைப் பிடித்துக்கொண்டார். ஊருணியில் குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு, இதெல்லாம் என்ன என்று முற்றத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாலா அவருக்கு மோர் கொண்டுபோனாள்.

"எல்லாக் குழாயும் கீழ பாத்து இருக்கு. அது மட்டும் ஏன்டா மாடிக்கு மேல போயிச் சுருட்டுக் குடிக்கிறவன் மாதிரி நிக்குது?"

"அதான் சித்தப்பா பாய்லருக்கு உசிரு. தண்ணி கொதிச்சாப் பெருகும். போக்கிடம் வேணும். முன்னெல்லாம் தொட்டிக்கே திரும்பிப் போயிரும். இப்ப அங்கிட்டு வால்வு போட்டாச்சு. இனி அதுக்கு வாய்னா அது ஒண்ணுதான்."

"அதை அடைச்சா?"

"பஸ்ஸுத் தகரம் சித்தப்பா அது. கிழிஞ்சு போயிரும். பக்கத்துல நிக்கிற ஆளும் மிஞ்ச மாட்டாக."

முத்துராமன் சிரித்தார். உன் அண்ணன் கோபத்துக்கும் இப்படி ஒரு குழாய் போட்டுவிடு என்றார். அதற்குள் தோட்டத்துக் கடைசியிலிருந்து, பம்பு இறுகிவிட்டது என்று யாரோ கூப்பிட, ராமசுப்பிரமணியன் கிணற்றடிக்கு ஓடினான்.

சாலா மோர்ச் செம்பை நீட்டியபடியே நின்றாள். முத்துராமன் வாங்கிக்கொண்டது அவளுக்குத் தெரியவில்லை.

நடந்தால் சந்தேகப்படுவார்கள், ஓடினால் கேட்பார்கள். நடப்பதற்கும் ஓடுவதற்கும் நடுவாக மாடிப்படியேறினாள். யாருக்கும் தெரியாமல் உருவிவிடலாம். உருவிவிட்டால் முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நாளைக்கு ஓட்டைச் சரிசெய்துகொள்ளலாம்.

குழாய் நடுங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடியைச் சுற்றிய துணி கருகி, விளிம்பில் மெல்லிசாக ஒரு சீட்டிச் சத்தம். கையை வைத்தாள். தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. முந்தானையைச் சுருட்டிப் பிடித்து ஆட்டினாள். தண்ணீர் குடித்து ஊதிய மரம் இரும்போடு இரும்பாக இறுகியிருந்தது. அசையவில்லை.

மாடி விளிம்பில் வந்து எட்டிப் பார்த்தாள். நேர் கீழே பாய்லர். அடுப்பு வாயில் வெள்ளைச்சாமி குந்தியிருந்தான். பாய்லருக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. உள்ளே முத்தாள் ஆச்சியின் குரல் கேட்டது. வெந்நீர்க் குழாய் சீறுகிறதாம், மூடிவிட்டு முதலில் சீயக்காயைத் தேயுங்கள் என்று மற்றவர்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.

மூடிவிட்டார்கள். இருந்த இன்னொரு வாயும் மூடிப்போயிற்று.

கிணற்றடி தோட்டத்துக் கோடியில். ஓடிப்போய் அவனிடம் சொல்லி, அவன் ஓடிவந்து சேருவதற்குள் என்னவும் ஆகலாம். சொன்னால் குறை வந்துவிட்டது என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால்?

சாலா நல்லவள்தான். ஆனாலும் அந்த இடத்தில் ஒரு மூச்சு நேரம் நின்றாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தம்பி பெண்டாட்டியின் அடுப்படி அவள் கண்ணுக்கு முன்னால் வந்து போயிற்று. அப்புறம் இறங்கினாள்.

படிக்குக் கீழே பெரியகருப்பன் நின்றார். பக்கத்தில் முத்துராமன்.

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து சாலா அவர் முகத்துக்கு நேரே பேசியதில்லை. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒதுங்குவாள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்தோ, பக்கத்தில் இருக்கிற பிள்ளையைப் பார்த்தோ சொல்வாள். அவரும் அப்படியே. அதுதான் மரியாதை. இப்போது பக்கத்தில் பிள்ளை ஒன்றும் இல்லை. என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"மேல இருக்கிற குழாயை நான் அடைச்சுட்டேன்" என்றாள். "எடுக்க முடியலை. பாய்லரு வெடிக்கப் போகுது. உள்ள ஆச்சி குளிக்கிறாக."

பெரியகருப்பன் தூண் பேசியது போலப் பார்த்தார். அவள் பேசியதுதான் அவருக்கு எட்டியது, பேச்சு எட்டவில்லை. முத்துராமனுக்கு எட்டியது. இப்போதுதான் காதால் கேட்டிருந்தார். அவர் கையிலிருந்த மோர்ச் செம்பு தரையில் விழுந்தது.

"அடைச்சா ஆளு மிஞ்சாதுன்னு இப்பத்தானப்பா சொன்னான்."

பெரியகருப்பன் பின்கட்டைப் பார்த்துக் கத்திய சத்தம் தெருவுக்குக் கேட்டது. விறகை இழு, விறகை இழு என்று கத்தினார். சாலா அதற்குள் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, வெளிய வாங்க."

"யாரது? கண்ணெல்லாம் சீயக்கா."

"பாய்லரு வெடிக்கப் போகுது. வாங்க."

"ஒம் புருசன் செஞ்ச சாமானை நீயே இப்படிச் சொல்றியே" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சாலா தோளால் கதவை இடித்தாள். தாழ்ப்பாள் பெயர்ந்தது. படைப்புக்குக் குளிக்கிற ஈரத்தில் நிற்பவர்களைத் தொடக்கூடாது. தொட்டால் மறுபடி முதலிலிருந்து குளிக்கவேண்டும். அவள் முத்தாள் ஆச்சியின் ஈரக் கையைப் பற்றி இழுத்தாள். தோல் உரிந்த உள்ளங்கையில் சீயக்காய் பட்டுக் காந்தியது.

"தொட்டுட்டியேடி" என்றாள் ஆச்சி. அதற்குள் முற்றத்துக்கு வந்திருந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். தலை நிறைய நுரையும் உடம்போடு ஒட்டிய சேலையுமாகப் பெண்கள் முற்றத்தில் நிற்க, அங்கே இருந்த ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டுக் கிணற்றடியிலிருந்து ராமசுப்பிரமணியன் ஓடிவந்தான். வெள்ளைச்சாமி வாளித் தண்ணீரைத் தூக்கியிருந்தான்.

"ஊத்தாதே. போட்டுட்டுத் தள்ளிப் போ."

கொக்கிக் கம்பியால் எரிகிற முந்திரிக் கட்டைகளை அவனே வெளியே இழுத்தான். நெருப்பு காலடியில் சிதறியது. பாய்லரின் ஒட்டுப்போட்ட இடம் பிள்ளைத்தாச்சி வயிறு போல மேடிட்டிருந்தது. அதைப் பார்த்தான். இழுப்பதை நிறுத்தவில்லை.

"திருகைப் பிடி" என்றாள் சாலா. "நான்தான் வச்சேன்."

அவன் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. மேலே அந்தக் குழாயைப் பார்த்தான். கடைசிக் கட்டையை இழுத்துப் போட்டுவிட்டு, அவள் கையைப் பற்றி முற்றத்துக்குத் தள்ளினான்.

அப்போதுதான் வெடித்தது. பாய்லர் இல்லை.

கோட்டையில் பீரங்கி போட்டது போல ஒரு சத்தம். கைப்பிடி எங்கே போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. குழாயின் வாயிலிருந்து வெள்ளையாக ஆவியும் கொதிநீரும் சீறிப் பீய்ச்சி, படைப்பு அறையின் ஓடுகளில் மழையாகக் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. ஓடுகள் சடசடவென்று விரிசல் விட்டன. அப்புறம் சீறல் குறைந்தது. குழாய் இரண்டு முறை இருமியது. நின்றது.

ஓட்டில் மோதித் தங்கியிருந்த கைப்பிடி கூரைச் சரிவில் உருண்டு முற்றத்தில் விழுந்து, ஒரு துள்ளுத் துள்ளி, முத்தாள் ஆச்சியின் காலடியில் உருண்டு கிடந்தது.

ஆச்சி குனிந்து அதை எடுத்தாள். நுரை வழிந்த கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இதைத்தான் காலையிலேருந்து தேடுறேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவருக்கும் அடிபடவில்லை என்பதை எல்லாரும் மெதுவாகத்தான் உணர்ந்தார்கள். அடிபடவில்லை என்று தெரிந்தபின் மனிதர்களுக்கு மற்ற ஞாபகம் வரும். பெரியகருப்பனுக்கு வந்தது.

"குறை வந்துருச்சு" என்றார்.

"வந்துருச்சுண்ணே" என்றான் ராமசுப்பிரமணியன்.

குறை குழாயில் இல்லை, என்னால்தான் வந்தது என்று சாலா சொன்னாள். இந்த முறையும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். ஒரு தடவை மீறியபின் மறுபடி கதவுக்குப் பின்னால் போய் நிற்கத் தோன்றவில்லை. பெரியகருப்பன் அவளை விட்டுத் திரும்பினார். சொன்ன சொல் சொன்னதுதான் என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். தம்பி சுவரோரம் கிடந்த ரிஞ்சை எடுத்துக்கொண்டான். குளியலறைக் குழாயில் மாட்டினான். அவன் திருகத் தொடங்கியதை சாலா பார்த்தாள். தன்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

உண்ணாமலை ஆச்சி படைப்பு அறை வாசலில் நின்றாள். கதவிடுக்கிலிருந்து தண்ணீர் வழிந்து முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"பெரியகருப்பா, உள்ள வெள்ளமா நிக்குது. பெட்டியத் திற. சேலையெல்லாம் நனைஞ்சிருக்கும்."

"நேரம் வரட்டும் ஆச்சி."

"சாயங்காலம் திறக்கத்தானே போறே. ஈரச் சேலையவா வச்சுப் படைக்கிறது? இப்பத் திறந்து உலத்துவோம்."

முத்துராமனும் அதுதான் சரி என்றார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இது அபசகுனம், ஆனால் கெட்டுப்போன சேலை அதைவிடப் பெரிய அபசகுனம் என்று ஒருத்தி சொன்னாள். எல்லாரும் பெரியகருப்பனைப் பார்த்தார்கள்.

அவர் கை இடுப்புச் சாவிக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. பாய்லர் வெடிக்கப் போகிறது என்று கேட்டபோது கோபத்தில் சிவந்த முகம் அது. இப்போது வெளுத்திருந்தது.

"தகரப் பெட்டி. தண்ணி உள்ள போகாது" என்றார். யாரும் நகரவில்லை. அவர் தம்பியைப் பார்த்தார்.

"டேய், ரிஞ்சைக் கீழ வை. இருந்துட்டுப் போகட்டும் அந்தக் குழாயி. பொம்பளைக குளிச்சு முடிக்கட்டும். பெட்டிய யாரும் தொட வேண்டாம்."

ராமசுப்பிரமணியன் குனிந்த இடத்திலேயே அண்ணனைப் பார்த்தான். இந்த வீட்டில் பெரியகருப்பன் சொன்ன சொல்லை மாற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை. முத்தாள் ஆச்சிகூட நுரையைத் துடைத்துவிட்டுத் தன் புருஷனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அவர் நிற்கவில்லை. மடியில் பணத்தை முடிந்துகொண்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டார். திருமயம் வரைக்கும் ஒரு வேலை, விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துர்றேன் என்றார். படைப்பு நாளில் மூத்தவர் வாசலைத் தாண்டுவதா என்று உண்ணாமலை ஆச்சி கேட்டது அவர் முதுகுக்குத்தான் கேட்டது. போய்விட்டார்.

குழாய் பிழைத்துவிட்டது. மாமனார் ஊர் இல்லை. சாலாவுக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. யாருக்காக அவர் விட்டுக்கொடுத்தார் என்று விளங்கவில்லை. தம்பிக்காக இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

கையில் விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு, பழைய துணியை எடுத்துக்கொண்டு படைப்பு அறைக்குப் போனாள். யாராவது துடைக்கவேண்டுமே. கதவை உட்புறமாகச் சாத்தினாள். ஓட்டிடுக்கில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மூலையில் பச்சைப் பெட்டி தண்ணீரில் நின்றது.

அதற்கு அடியிலும் துடைக்கவேண்டும். உள்ளே எத்தனை வருஷத்துச் சேலை, வெள்ளிக் குடம், தாம்பாளம், குத்துவிளக்கு. ஆள் துணைக்கு வேண்டும் என்று நினைத்தவள், காலையில் தனியாக நகர்த்தியது ஞாபகம் வந்து நின்றாள்.

புண்ணாகாத கையை நீட்டிப் பெட்டியைத் தள்ளினாள்.

ஈரத் தரையில் அது வழுக்கிக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் முட்டியது. வெறுந்தகரமாக ஒலித்தது.